இரண்டு முறை தேதி குறித்தும் நடக்காத எடைக்குறைப்பு ஆபரேஷன்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 39. திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. உயரம் 156 செ.மீ. பத்து வருடமாகச் சர்க்கரை, ஆறு வருடமாகத் தைராய்டு. ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்துகொள்ள முடிவெடுத்து முதன்முதலாக டாக்டரைப் பார்த்தபோது எடை 107 கிலோ. பிப்ரவரியில் தேதி கொடுத்தார்கள். எச்பிஏ1சி (சர்க்கரையின் மூன்று மாத சராசரி) 9.2 இருக்கிறது என்று தள்ளி வைத்தார்கள். கஷ்டப்பட்டு 8.4-க்குக் கொண்டுவந்தேன். ஜூனில் மறுபடி தேதி. இரண்டு வாரம் திரவ உணவு மட்டும் எடுத்து, பள்ளியில் லீவும் சொல்லி, பெட்டி கட்டிய பிறகு முதல் நாள் போன்: ஹீமோகுளோபின் 8.6, டி.எஸ்.எச். (தைராய்டு சோதனை, கூடினால் தைராய்டு போதவில்லை என்று அர்த்தம்) 14, இப்போது முடியாது என்றார்கள். இடையில் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஏதேதோ கேட்கிறது. "ஆபரேஷனுக்கு அப்புறம் எங்கே சாப்பிடப் போறே" என்று மாமியார் அன்பாகப் போட்டதையெல்லாம் சாப்பிட்டு இப்போது 112 கிலோ ஆகிவிட்டேன். "கடவுளே வேண்டாம்னு தடுக்கிறார்" என்கிறார் கணவர். தம்பி எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள் என்கிறான். ஸ்டாஃப் ரூமில் தினமும் "இன்னும் ஆகலையா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். தூக்கப் பரிசோதனை வேறு எடுக்கச் சொல்கிறார்கள், அதை ஆபரேஷனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா? நானே மறுபடி திரவ உணவை ஆரம்பித்துவிடட்டுமா? காலையில் பள்ளி வேன் 7.15-க்கு. அதற்குள் காபியோடு எல்லா மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. காபியோடு எல்லா மாத்திரையும் என்ற வரி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் இணைத்திருந்த பட்டியலில் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம், இரும்புச்சத்து, கால்சியம், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், அப்புறம் சர்க்கரைக்கு மூன்று மாத்திரைகள் இருக்கின்றன. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போனால்தான் ஒழுங்காக உடலில் சேரும். காபி அதைத் தடுக்கும். இரும்பும் கால்சியமும் வயிற்றுக்குள்ளேயே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபக்கம் அதே காபியும் கால்சியமும் பான்டோபிரசோலும் இரும்பு சேர்வதையும் குறைக்கும். அதாவது காலை ஏழு மணிக்கு நீங்கள் ஒழுங்காகத்தான் மாத்திரை போடுகிறீர்கள், ஆனால் ஒன்றை ஒன்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. டி.எஸ்.எச். 14-லும் ஹீமோகுளோபின் 8.6-லும் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எழுந்தவுடன் தைராய்டு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. வேனுக்கு ஓடுகிற வீட்டில் இது நடக்காது என்றால், இரவு படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம், சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எந்த நேரமானாலும் தினமும் ஒரே நேரம். இரும்பு மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்கட்டும். பள்ளியில் பதினொரு மணி இடைவேளை இதற்குத் தோது. சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீரோடு இரும்பைப் போடுங்கள், அந்த நேரத்து ஸ்டாஃப் ரூம் டீயை மட்டும் விட்டுவிடுங்கள். கால்சியம் மதியச் சாப்பாட்டுக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ போகட்டும். தைராய்டை இரவுக்கு மாற்றினால் கால்சியம் மதியம்தான். பான்டோபிரசோல் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். யாரோ எப்போதோ எழுதியது வருடக்கணக்கில் தொடர்வது நம் ஊரில் சகஜம். சர்க்கரை மாத்திரைகளின் நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. நேரத்தை மாற்றியதை உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டி.எஸ்.எச். 14-ஐப் பார்த்து அவர் மாத்திரையை 100 ஆக்குவார், நீங்கள் இங்கே சரியான நேரத்தில் போட ஆரம்பித்திருப்பீர்கள், இரண்டும் சேர்ந்து படபடப்பும் தூக்கமின்மையுமாக முடியும். மாற்றிய பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் காசுக்குக் கேடு.

இப்போது ரத்தசோகை. ஆபரேஷன் டேபிளில் ரத்தம் இழப்பது மட்டுமே டாக்டர்களின் கவலை இல்லை. ஸ்லீவுக்குப் பிறகு நீங்கள் சாப்பிடும் அளவே சுருங்கிவிடும், வயிற்றில் அமிலமும் குறையும். இன்னொரு வகையான இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் என்றால் இரும்பு அதிகமாகச் சேர்கிற சிறுகுடலின் முதல் பகுதியே வழியில் வராது. இருப்பு இல்லாமல் உள்ளே போனால் பிறகு மாத்திரையால் ஈடுகட்டுவது கடினம். அதனால் இது தட்டிக்கழிக்கும் காரணம் இல்லை, நியாயமான காரணம். ஆனால் "ரத்தம் கம்மி, மாத்திரை போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அது போதாது. உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்தார்களா? பி12 பார்த்தார்களா? மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறையும், சைவமாக இருந்தால் இன்னும். இரும்புதான் குறைவு என்று உறுதியானால், நரம்பு வழியாக ஏற்றும் இரும்பு மருந்து இருக்கிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு தடவையில் வேலை முடியும், மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் நன்றாக ஏறும். அது எனக்குப் பொருந்துமா என்று நீங்களே கேளுங்கள்.

ரத்தம் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. மாதவிடாய் எட்டு நாள் போகிறது என்று ஓர் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஓரத்தில் விடக்கூடாது. உடலில் கொழுப்பு அதிகமாக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கூடும், கருப்பையின் உள்சவ்வு தடித்துப்போகும். 39 வயதில், இந்த எடையில், அதிக ரத்தப்போக்கு என்றால் மகப்பேறு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் உள்சவ்விலிருந்து சிறிது திசு எடுத்துச் சோதிப்பார். பயப்படுத்தச் சொல்லவில்லை. இந்தக் காத்திருப்பு நேரத்தில் முடிக்க வேண்டிய வேலைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ரத்தப்போக்கை நிறுத்த ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் அதன் பெயரை ஆபரேஷன் குழுவிடம் சொல்லிவிடுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் காலில் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும் என்பதால் அவற்றை ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

சர்க்கரைக்கு வருவோம். எச்பிஏ1சி கிட்டத்தட்ட மூன்று மாத சராசரியைக் காட்டும் சோதனை. அது அதிகமாக இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், தொற்று வரும். பல மையங்கள் 7-க்குள் வேண்டும் என்பார்கள். நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களுக்கு 8 வரை ஏற்பார்கள், 8-க்கு மேல் என்றால் டாக்டரின் முடிவு. எல்லா ஊரிலும் ஒரே கோடு கிடையாது. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. இரும்புக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். அதற்காக 9.2 முழுக்கப் பொய் என்று நினைத்துவிடாதீர்கள், சர்க்கரை அதிகமாக இருந்தது உண்மைதான். 8.4 என்பது உண்மையில் 8-க்குக் கீழே இருக்குமோ என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள வழி வீட்டிலேயே இருக்கிறது. இரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். எண்களும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகவில்லை என்றால், ஃப்ரக்டோசமின் என்ற ரத்தப் பரிசோதனை இரண்டு மூன்று வாரக் கணக்கைத் தனியாகச் சொல்லும். இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நோட்டுப் புத்தகத்தோடு வரும் நோயாளியை எந்த டாக்டருக்கும் பிடிக்கும்.

ஆக, சர்க்கரை, ரத்தம், தைராய்டு என்று மூன்று தடைகள் தனித்தனியாக உங்களைத் துரத்துவதாக நினைக்கிறீர்கள். எனக்குத் தெரிவது ஒரே முடிச்சு. மாத்திரை நேரமும் மாதவிடாயும் சேர்ந்து போட்ட முடிச்சு. "எனக்கு மட்டும் ஏன்" என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

உங்கள் குழுவின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபினும் டி.எஸ்.எச்.-சும் பிப்ரவரியிலேயே பார்த்திருக்க வேண்டியவை. அன்று சர்க்கரையை மட்டும் சொல்லி அனுப்பியதால் நான்கு மாதம் கழித்து அடுத்த இரண்டும் முளைத்தன. இப்போது தூக்கப் பரிசோதனை நிற்கிறது. அதை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் மூன்றாவது தேதியும் அதே வழியில் போகும். குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக உங்கள் கணவரே சொன்னார் என்கிறீர்கள். இது ஸ்லீப் அப்னியாவின் அடையாளம். மயக்க மருந்துக்குப் பிறகும் வலி மருந்துகளின்போதும் அந்த மூச்சுத்தடை கூடும். அதனால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். பலருக்கு வீட்டிலேயே ஓர் இரவு கருவி மாட்டிப் பார்த்துவிடலாம். சீபாப் இயந்திரம் (தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைப்பது) வேண்டும் என்று வந்தால் ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே போட்டுப் பழகுவது நல்லது. காலையில் தலைவலி இல்லாமல் எழுந்திருப்பது கூடுதல் லாபம். தைராய்டுக்காக எப்படியும் ஆறு வாரம் காத்திருக்கப் போகிறீர்கள், அந்த ஆறு வாரத்துக்குள் இதெல்லாம் முடியட்டும்.

அடுத்த தடவை போகும்போது சர்ஜனிடமோ கோஆர்டினேட்டரிடமோ உட்கார்ந்து இதைக் கேளுங்கள்: "எந்த எண் எவ்வளவுக்கு வந்தால் தேதி கொடுப்பீர்கள்? மறுபடி எப்போது சோதிப்பீர்கள்? அதை யார் பார்ப்பார்கள்? இது தவிர வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா, மயக்க மருத்துவர் இன்றைக்கே என்னைப் பார்ப்பாரா?" பதிலை அவர்கள் கையாலேயே ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். எண்ணும் தேதியும் சொல்லித் தள்ளி வைத்தால் அந்தத் தாமதத்தை நம்பலாம். "இன்னும் கொஞ்சம் எடை குறைச்சிட்டு வாங்க, பார்க்கலாம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் இன்னொரு மையத்தில் கருத்துக் கேட்பதில் தவறே இல்லை. கட்டாயமாக இத்தனை மாதம் டயட் இருந்துவிட்டு வா என்று தள்ளிப்போடுவதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) சர்ஜன்கள் சங்கமே 2016-ல் எழுதிவிட்டது.

திரவ உணவை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். இதை அழுத்தியே சொல்கிறேன். அந்த இரண்டு வார உணவின் நோக்கம் கல்லீரலைச் சுருக்குவது. உங்கள் எடையில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, அதன் இடது பகுதி இரைப்பையின் மேல் கவிழ்ந்திருக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஆபரேஷன் செய்ய வேண்டும். சிறியதாக இருந்தால் வேலை சுலபம். தேதி உறுதியாகாமல் செய்தால் பலன் தங்காது, நிறுத்திய உடனே பசி இரட்டிப்பாக வரும், ஜூனில் நடந்தது அதுதான். அதைவிட முக்கியம், நீங்கள் எடுக்கும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, உணவு குறைந்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கும். இன்னொரு சர்க்கரை மாத்திரையான டாபாக்ளிஃப்ளோசின் பட்டினியோடு சேர்ந்தால், மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். அதை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னால் நிறுத்துவார்கள். திரவ உணவு தொடங்கும் அன்றே நிறுத்த வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் இதைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்றால், இந்த முறை கேட்காமல் விடாதீர்கள்.

சரி, அப்போ இந்த வாரங்களில் என்னதான் சாப்பிடுவது? மாமியார் தட்டில் போடுவதற்கு ஒரு முற்றுப்புள்ளி வேண்டும். ஆபரேஷனுக்கு முன் "கடைசியா ஒரு தடவை" என்று பிரியாணி, நெய் தோசை, ஜிகர்தண்டா என விடைபெறும் விருந்து நடத்துவது நான் பார்க்கும் பெரும்பாலான வீடுகளில் உண்டு. தேதி தள்ளிப்போனால் விருந்தும் நீளும். ஐந்து கிலோ அப்படி வந்ததுதான். அந்தக் குற்ற உணர்ச்சியில் அடுத்த நாள் பட்டினி கிடக்கவும் வேண்டாம். மாமியாரிடம் சொல்லுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகும் தோசை சாப்பிடலாம், ஆறு மாதம் கழித்து ஒன்று. அவர் பாசத்துக்கு வேறு வேலை கொடுங்கள்: மதிய டப்பாவில் சாதத்தைப் பாதியாக்கி, முட்டையோ மீனோ, சைவம் என்றால் சுண்டலோ பன்னீரோ கூட்டி வைக்கட்டும். ஆபரேஷனுக்குப் பின் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவைப்படும். ஒரு முட்டையில் 6 கிராம்தான், கணக்குப் போட்டால் தெரியும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று. கூழாகும்வரை மெல்வது, சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடிக்காமல் அரை மணி கழித்துக் குடிப்பது, இவற்றை இப்போதே பழகுங்கள். பள்ளி இடைவேளையில் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பவர்களுக்கு இதுதான் ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருக்கும்.

தம்பி சொன்ன ஊசியைப் பற்றி: மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவில் வந்தது. சர்க்கரையையும் எடையையும் நன்றாகக் குறைக்கிறது. இப்போது உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 46. இந்த நிலையில் நான் ஊசியை ஆபரேஷனுக்குப் பதிலாகப் பார்ப்பதைவிட, தேதி வரும்வரை உதவும் ஒரு வழியாகவே பார்ப்பேன். சர்க்கரை டாக்டர் சம்மதித்தால் யோசிக்கலாம். போட்டுக்கொண்டால் கடைசி ஊசி எந்தத் தேதி என்பதை மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும்.

இன்ஷூரன்ஸ். கேள்வி கேட்பது நிராகரிப்பு இல்லை, முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாகக் கொடுத்த வாசகத்தின்படி, டாக்டரின் பரிந்துரை வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். முதல் நாள் 107 கிலோவில் உங்கள் பி.எம்.ஐ. 44, எனவே எடைக் கணக்கில் பிரச்சினை இல்லை. (35 முதல் 40 வரை உள்ளவர்களுக்குத்தான் வேடிக்கை: கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான ஸ்லீப் அப்னியா போன்றவை இருந்து, ஆபரேஷன் இல்லாத வழிகளிலும் முயன்று தோற்றிருந்தால்தான் கம்பெனி பணம் தரும், சர்க்கரை கட்டுப்பட்டால்தான் டாக்டர் ஆபரேஷன் செய்வார்.) உங்களிடம் அவர்கள் கேட்பது ஆபரேஷன் இல்லாத வழிகளில் முயன்றதற்கான சான்றாக இருக்கலாம். டயட்டீஷியன் சீட்டு, ஜிம் கட்டிய ரசீது, எடைக்காக எழுதிய பழைய மருந்துச் சீட்டு, எது கிடைத்தாலும் தேதியோடு சேர்த்துக் கொடுங்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் முதல் நாள் எடையும் உயரமும் தேதியும் இருக்கட்டும். பாலிசி நான்கு வருடம் ஆகிறது என்கிறீர்கள். முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு பற்றிப் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2024-லிருந்து புதிய விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். கடைசியில் மறுத்தால் எழுத்தில் காரணம் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ திருப்தி இல்லையென்றாலோ சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைகேட்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கணவரை அடுத்த தடவை கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கடவுள் பெயரைச் சொன்னாலும் உள்ளே இருப்பது பயம்தான் என்று நினைக்கிறேன். 2024-ல் சென்னையில் ஓர் இளைஞர் இதே மாதிரி ஆபரேஷனில் இறந்த செய்தியை வாட்ஸ்அப்பில் பார்க்காதவர்கள் இல்லை. அவர் மயக்க மருத்துவரிடமே நேராகக் கேட்கட்டும். அனுபவமுள்ள மையங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் இருக்கிறது, பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடும் அளவு. அந்த எண் அவ்வளவு சிறியதாக இருப்பதற்கு, ரத்தம் 8.6 என்றதும் முதல் நாளே போன் போட்டு நிறுத்துகிறவர்களும் ஒரு காரணம். இதை அவருக்கு நீங்கள் சொல்வதைவிட டாக்டர் சொன்னால் எடுபடும். வீட்டில் யாராவது ஆடி கழியட்டும், அஷ்டமி வேண்டாம் என்றால் தாராளமாகச் சம்மதியுங்கள். எண்கள் சரியான பிறகு ஒரு வாரம் முன்பின் ஆவதில் ஒன்றும் கெட்டுவிடாது.

ஸ்டாஃப் ரூமுக்கு "தேதி வந்தா நானே சொல்றேன்" என்ற ஒரே பதில் போதும், தினமும் அதையே சொன்னால் கேட்பவர்களுக்கே அலுத்துவிடும். இனி தேதி குறித்தால் தலைமையாசிரியருக்கும் இன்னொருவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். லீவு எழுதிக் கொடுப்பதை மயக்க மருத்துவர் ஃபிட்னஸ் கையெழுத்துப் போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது வாரத்தில் பல நாள் நடக்கிறது என்றால் அதை மறைக்காமல் குழுவிலுள்ள மனநல நிபுணரிடம் சொல்லுங்கள். சொன்னால் இன்னும் தள்ளிப்போடுவார்கள் என்று பலர் மறைக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் எடை திரும்ப ஏறுவதற்கு அதுவும் ஒரு வழி.

காத்திருக்கும்போது சில விஷயங்களில் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு இறுக்கம், ஸ்கூட்டி ஓட்டும்போதே கண் சொக்குவது, வாந்தியும் வயிற்று வலியுமாக மூச்சு வாங்குவது, மணிக்கு ஒரு பேட் மாற்றும் அளவுக்கு ரத்தப்போக்கு. கண் சொக்குவது என்றால் அன்றிலிருந்தே வண்டியை எடுக்காதீர்கள், தூக்கப் பரிசோதனையை அந்த வாரமே கேட்டு வாங்குங்கள். மற்றவற்றில் எது வந்தாலும் கோஆர்டினேட்டருக்கு மெசேஜ் போட்டு நீலக் குறிக்காகப் பார்த்துக்கொண்டிருக்காமல், பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போய்விடுங்கள். கையில் அந்த மாத்திரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு.